சுப்பையனின் அம்பாசடர் எல்லை தாண்டுகிறது

மூங்கில் தடுப்பு கண்ணில் பட்டதுமே சுப்பையன் பிரேக்கை மிதித்தார். இறங்கினார். ஓடிப்போய் டிக்கியைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் திறக்கச் சொல்லவில்லை.

காரைக்கால் டாக்சிக்காரருக்கு அது ஊறிப்போன பழக்கம். வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, தமிழ்நாட்டில் மதுவிலக்கு. நாகூருக்குச் சந்தனக்கூடு பார்க்கப் போனாலும் சரி, நாகப்பட்டினத்துக்குப் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு பறந்தாலும் சரி, செக்போஸ்டில் டிக்கியைத் திறந்து, பாட்டில் கீட்டில் எதுவும் இல்லை என்று காட்டினால்தான் வண்டி நகரும்.

ஆனால் இது வாஞ்சூர் இல்லை. ரக்சௌல். தடுப்புக்கு இந்தப் பக்கம் பீகார், அந்தப் பக்கம் நேபாளம்.

நேபாளக் காவலர் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மூட்டை புழுங்கலரிசி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஊறுகாய் ஜாடி. இந்த ஆளுக்கு என்னதான் வேண்டும் என்பதுபோல் சுப்பையனை ஏற இறங்கப் பார்த்தார்.

முன்சீட்டில் இருந்த பாலகுரு விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்புள, இது வெளிநாடுங்க! டிக்கியக் காட்டினா விட்டுருவானா? பாஸ்போர்ட்டுல்ல கேப்பான்!"

பாலகுரு, சுப்பையனின் மனைவி அஞ்சுகத்துக்கு அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய்; ஊர்ப் பேச்சில் சொல்தா. அறுபத்திரண்டில் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். பாலகுரு போட்டார். சுப்பையன் போடவில்லை. ஊர் நம்ம நாட்டோடு சேர்ந்த பிறகு நான் மட்டும் அந்நியனாகவா என்று வாய் நிறையப் பேசினார்.

பேசியதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் குடியிருந்த தலத்தெருவில் கையெழுத்துப் போட்டவன் வீடெல்லாம் பிரெஞ்சுக் காசில் மாடி ஏறியது. சுப்பையனோ அவர்களை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட அடுத்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று பெயர் வாங்கியாயிற்று.

முட்டி மோதிச் சொந்தமாக ஒரு பழைய அம்பாசடர் வாங்கிய அன்று, டாக்சி ஸ்டாண்டில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். நீங்களெல்லாம் ஏரோப்ளேனில் போனீர்கள், நான் என் வண்டியிலேயே வெளிநாடு போய்க் காட்டுகிறேன் என்று. ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது.

அந்த ரோசத்தில்தான் நேபாளத்துப் பசுபதிநாதரைக் கும்பிடுகிற சாக்கில் கிளம்பினார். வழி நெடுக மச்சானின் வாய் ஓயவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவரை எல்லையிலேயே திருப்பி விடுவானாம். தான் மட்டும் போய் விபூதி வாங்கி வருவாராம். அதுவரை மாப்பிள்ளை காரில் படுத்துத் தூங்கலாமாம்.

பின்சீட்டில் அஞ்சுகம் வாயே திறக்கவில்லை. புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவாள்? மச்சான் கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டார் சுப்பையன். பெண்டாட்டி பேசாமல் இருந்ததுதான் நெஞ்சில் தைத்தது.

இப்போது இங்கிருந்து திருப்பி அனுப்பினால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவது?

அதிகாரி வந்தார். "இந்துஸ்தானி?" என்றார்.

சுப்பையன் தலையை ஆட்டினார். 

அதிகாரி நம்பர் பலகையைப் பார்த்தார். வண்டிக்கென்று ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். போ என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். பாஸ்போர்ட் என்று ஒரு பேச்சு வரவேண்டுமே! வரவே இல்லை.

பாலகுருவுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை உருவி ஜன்னல் வழியாக நீட்டினார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் காரைக்கால் முகத்தைப் பார்த்து யார் என்ன கேட்டிருக்கப் போகிறார்கள்?

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "விதேசி," என்றார். இறங்கச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் விசா வாங்க வேண்டும், அதோ அந்தக் கொட்டகை, அதோ அந்த வரிசை. சடைமுடியும் கிழிந்த கால்சட்டையுமாக வெள்ளைக்காரப் பையன்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத டெரிலின் சட்டையோடு கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார் பாலகுரு.

சிரிக்கக் கூடாது என்றுதான் சுப்பையன் நினைத்தார். எங்கே முடிந்தது! டிக்கியை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தவர், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தடுப்பு மேலே போனது.

முன்சக்கரம் நேபாளத்துக்குள் போயிற்று. பின்சக்கரமும் போயிற்று. காரைக்கால் வண்டி, சொந்த வண்டி! ஹார்னை நீளமாக ஒரு அமுக்கு அமுக்கினார் சுப்பையன். எதிரே வந்த குதிரை வண்டிகளெல்லாம் மிரண்டு ஒதுங்கின.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். என்ன இருந்தாலும் மச்சானை விட்டுவிட்டா போக முடியும்?

அஞ்சுகம் இறங்கி வந்து, முன்சீட்டில் புருஷன் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாவம் உங்கண்ணன். இப்புடி ஒரு சங்கதி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் அஞ்சுகம். "போலகத்துச் சொர்ணாம்பாக்கா போன வருசம் இங்க வந்துட்டு வந்து எல்லாம் சொன்னாங்க. நம்மளுக்கு ஒண்ணும் வேணாமாம், பிரெஞ்சுக்காரவங்கதான் வரிசையில நிக்கணுமாம். அதுக்கப்புறந்தான் அண்ணனையும் நம்மகூட வரச்சொன்னேன்."