ஊசியில் இல்லாத வண்டு

நூறு வருஷத்துக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் பிடித்துச் சீமைக்குக் கொண்டுபோன தரைவண்டு அது. வலது சிறகில் ஊசி குத்தி மியூசியத்தில் வைத்திருந்தார்கள். அந்த இனத்தில் வேறு வண்டு யாருக்கும் கிடைக்கவில்லை. அதைப் பார்க்காமல் துர்காதேவியின் ஆராய்ச்சி நகராது. விசாவும் கிடைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் இன்று ஒரு போட்டோ வந்தது. அதில் ஊசி இருந்தது, அவளுடைய ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. வண்டைக் காணோம். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து எங்கே போய்த் தொலையும்? லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

தறிக்குழியிலிருந்து அப்பா கத்தினார்.

"இன்னாமா இது, காலாண்ட வண்டு ஓடிக்கினே இருக்குது! தறி மிதிக்க முடியல. எடுத்துக்கினு போ."

குனிந்து எடுத்தாள். வலது சிறகில் பொட்டுத் துளை. வண்டு உள்ளங்கையில் ஓட ஓட, துளை வழியே அவளுடைய கைரேகை தெரிந்துகொண்டே இருந்தது.