வளைய மறுத்த மைக்கா

"இந்தத் தகடும் போச்சுன்னா வேலைய மூக்கன்கிட்ட குடுத்துருவேன்ணே. கோவிச்சுக்காதீங்க."

ரேடியோக்கடை அழகுமுத்து சொல்லிவிட்டுப் போனதும் சின்னத்தம்பிக்குச் சுருக்கென்றது. ஹட்டன் டவுனில் இருபது வருசமாக மரவேலை பாஸ் அவர். அவர் கையை விட்டு ஒரு வேலை அந்த இன்னொரு தச்சன் மூக்கனுக்குப் போவதா? அதுக்கு உளியைத் தூக்கி ஓடையில் போட்டுவிடலாம்!

வேலை என்னவோ புதுசுதான். வீடியோ கேம் பெட்டி. உள்ளே டீவியும் வயரும் அழகுமுத்து பாடு. தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு அடித்து, மேலே பளபளவென்று மைக்காத் தகடு ஒட்டுவது சின்னத்தம்பி பாடு. தீபாவளிக்குப் பெட்டி கடையில் நிற்க வேண்டும்.

நேர்ப்பலகையில் மைக்கா ஜம்மென்று உட்கார்ந்தது. கை வைத்து விளையாடுகிற முன்பக்க வளைவில்தான் சனியன் பிடித்தது. முதல் தகடு படீரென்று உடைந்தது. இரண்டாவது, ஒட்டின கையோடு எகிறிக்கொண்டு வந்தது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலையில் மூக்கன் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

இந்த இரண்டு பேருடைய லட்சணம் ஊருக்கே தெரியும். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே மூக்கன் ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் சின்னத்தம்பி அடுத்ததில் சேருவார். மூக்கன் மழை வரும் என்றால் இவர் குடையை வைத்துவிட்டுப் போவார். நனைந்தும் இருக்கிறார், பாவம்!

"என்னண்ணே, வளைய மாட்டேங்குதா?" மூக்கன் பல்லைக் காட்டினான். "தப்பித்தவறிச் சூடு மட்டும் காட்டிறாதீங்க. கருகிப்போகும்."

"ஒன்னைய எவன்டா கேட்டான்?"

"பசையும் காயக் கூடாதுண்ணே. ஈரத்தோட பட்டுன்னு ஒட்டிறணும். ஒடஞ்சா எனக்கென்ன, வேலை எனக்குத்தானே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். சின்னத்தம்பிக்கு உச்சந்தலை கொதித்தது.

"கருகுமாம்ல, கருகும்! ஏய் ராக்காயி, இஸ்திரிப் பெட்டியில கரி போடு!"

பெண்சாதி கொண்டுவந்த பெட்டியை, துணி விரித்துத் தகட்டின் மேல் ஓட்டினார். முரண்டு பிடித்த மைக்கா, வாட்டின வாழையிலை மாதிரி வளைந்து கொடுத்தது! அப்படியே வளைவில் வைத்துக் கயிற்றால் கட்டி ஆறவிட்டார். பிறகு பலகையிலும் தகட்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை ஆற அமரத் தேத்தண்ணி குடித்தார். கடைசியில் ஒரு முனையிலிருந்து போத்தலை உருட்டி உருட்டி அழுத்தினார். பிடித்த பிடி விடவில்லை.

சாயந்திரம் அழகுமுத்து வந்து வளைவைத் தடவிப் பார்த்தான்.

"அடேயப்பா! கொழும்புச் சாமான் தோத்துரும்ணே!"

"பின்னே? அந்த மூக்கன் பய சொன்னதுக்கு நேர்மாறாச் செஞ்சேன். வேலைய அமுக்கிக்கலாம்னு என்னைய ஏமாத்தப் பாத்தான். நல்ல மனுசன் செய்யிற வேலையா இது?"

அழகுமுத்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அன்னைக்கு ஒங்ககிட்ட சொல்லிட்டு நேரா அவன்கிட்டதான் போனேன். வேலைய வாங்க மாட்டேன்னுட்டான். 'அது அண்ணன் வேலை. ரெண்டே ரெண்டு சங்கதிதான் அவருக்குத் தெரியல. நான் என்ன சொன்னாலும் தலைகீழாத்தான் செய்வாரு, அதனால போயி எல்லாத்தையும் தலைகீழாவே சொல்லிட்டு வாரேன்'னான்."