அறுபதாவது அட்சரேகையில் நோன்பு

சூரியன் இறங்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் விமானத்தின் ஜன்னல் வழியே பார்த்தார். இறக்கை நுனிக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

கைக்கடிகாரம் லண்டன் நேரம் ஏழரை காட்டியது. லண்டனில் இந்நேரம் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

பக்கத்து இருக்கையில் மனைவி மைமூன் கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. டொராண்டோவில் மகளுக்குப் பிரசவம். அதற்குத்தான் இந்தப் பயணம்.

விடியுமுன் லண்டனில், தம்பி வீட்டில் சஹர் சாப்பிடும்போதே அவள் கேட்டாள். "பயணத்துல இருக்கோம், இன்னைக்கு நோன்ப விட்டுட்டுப் பெறகு களாவா புடிச்சுக்கலாம்லங்க?"

விடலாம். பயணத்தில் இருப்பவருக்கும் அனுமதி உண்டு, நோயாளிக்கும் உண்டு.

இவர்தான் கணக்குப் போட்டார். லண்டனில் ஆறு மணிக்குச் சூரியன் மறைந்து மக்ரிப், நோன்பு திறக்கும் நேரம். மூன்றரைக்கு விமானம். ஆகாயத்தில் இரண்டரை மணி நேரம் பொறுத்தால் போதும்.

திண்டுக்கல்லில் காலமெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கோண வேகம் நடத்தியவர் போட்ட கணக்கு. விமானம் மேற்கே போகும் என்பதை மட்டும் மறந்துபோனார்.

ஆறு மணி வந்தது. ஏழும் வந்தது. சூரியன் போகிற வழியாக இல்லை.

"மறையட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எப்போதுதான் மறையும்?

எழுத வேறு தாள் இல்லை. வாந்தி எடுப்பதற்கென்று முன்னால் செருகியிருந்த காகித உறையை உருவினார்.

பூமி மணிக்குப் பதினைந்து பாகை திரும்புகிறது. திண்டுக்கல்லுக்கும் அதே, துருவத்துக்குப் பக்கத்திலும் அதே. கோண வேகம் ஆள் பார்ப்பதில்லை.

நேர்வேகம் பார்க்கும். அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்று கேட்கும். பூமியின் நடுக்கோட்டில் ஆரம் ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர். வடக்கே போகப் போகச் சுற்றும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும்.

எதிரே இருந்த திரையைப் பார்த்தார். கிரீன்லாந்தின் அடிமுனை. அட்சரேகை அறுபது.

காஸ் அறுபது, பாதி.

அப்படியானால் ஆரமும் பாதி. மூவாயிரத்து இருநூறு. 2π-ஆல் பெருக்கி, இருபத்து நான்கால் வகுத்தார்.

எண்ணூற்று முப்பத்தெட்டு. கீழே பூமி கிழக்கு நோக்கிச் சுழலும் வேகம் அது, மணிக்குக் கிலோமீட்டரில்.

திரையில் விமானத்தின் வேகத்தைத் தேடினார். நேர் மேற்கே, 836. கண் சிமிட்டுவதற்குள் 838.

பேனா நின்றது.

பூமி என்ன வேகத்தில் இவர்களை இருட்டுக்குள் இழுக்கிறதோ, அதே வேகத்தில் விமானம் எதிர்த்திசையில் ஓடுகிறது. கழித்தால் பூஜ்யம். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்களும், பின்னால் வீறிட்டு அழும் கைக்குழந்தையும், இவரும் மைமூனும் சூரியனுக்கு எதிரே அசையாமல் நிற்கிறார்கள். உலகம் மட்டும் காலுக்கடியில் உருண்டு போகிறது.

இதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதி அழித்திருப்பார். ஒரு தடவைகூட மேனி சிலிர்த்ததில்லை.

இப்போது பிடரி மயிர் எழுந்து நின்றது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மைமூன், இங்க பாரு. நிக்குது. நமக்கு முன்னாடி அப்படியே நிக்குது."

அவள் கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் நடுங்கின.

அவளுக்கும் விளங்கிவிட்டது என்று பூரித்துப்போய் அந்தக் கையைப் பற்றினார்.

ஜில்லென்று இருந்தது. உள்ளங்கை முழுக்க வியர்வை. நெற்றியிலும் முத்து முத்தாக நின்றது.

அவள் உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது.

நோன்பு திறக்க என்று எடுத்து வைத்திருந்த ஆரஞ்சு ஜூஸ் டப்பாவில் அவசரமாகக் குழலைக் குத்தி அவள் வாயருகே நீட்டினார்.

"குடி."

"சூரியன் இருக்குங்க." நாக்கு குழறியது.

"அது இப்போதைக்குப் போகாது. குடிம்மா."

"நீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். தனக்கு நோன்பில்லாத நாட்களில்கூட அவர் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அவரும் விவரம் தெரிந்த நாள்முதல் ஒரு நோன்பு விட்டதில்லை. காய்ச்சலில் படுத்தபோதும் விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குழலைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினார். அத்தனை வெளிச்சத்தில், அவள் காதில் விழும்படி மடக்கென்று விழுங்கினார்.

பிறகு குழலை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் வாய் திறந்தது.

டப்பா நெளிந்து காலியாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து, கொட்டை நீக்கி ஊட்டினார். கொஞ்ச நேரம் ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் உயிர் அவரிடம் இல்லை.

விரல்களின் நடுக்கம் அடங்கியது. உள்ளங்கையில் சூடு வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க. என்னமோ நிக்குதுன்னீங்களே?"

"சுப்ஹானல்லாஹ்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து.

ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.