கை நழுவிய மோதிரம்

"காசு வலது கையிலதான் இருக்கு ஷெரில். சுண்டு விரல் விறைச்சுக்கிட்டு நிக்குதே, அதுவே காட்டிக் குடுக்குது" என்றார் கிளைவ்.

ஷெரில் கையைத் திறந்தாள். ஐம்பது சென்ட் காசு மேசை விரிப்பில் பொத்தென்று விழுந்தது. பன்னிரண்டு மூலை உள்ள அந்தப் பெரிய காசை உள்ளங்கையில் ஒளிப்பது யாருக்கும் சிரமம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அதைத் தூக்கத்தில்கூடச் செய்வார்கள்.

லான்செஸ்டன் என்கிற தீவு ஊரில், புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் கிளப் ஒன்று உண்டு. அதன் பின்னறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற மாயவித்தைச் சங்கம் இது. மேடையில் ஆளை இரண்டாக அறுக்கிற வித்தையெல்லாம் இவர்களுக்கு இளக்காரம். மூக்குக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில் வைத்து ஏமாற்ற வேண்டும். தலைவர் டெஸ், கசாப்புக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். கிளைவ் குழாய் ரிப்பேர் செய்கிறவர். நார்ம் பல் டாக்டர். சங்கமே இவ்வளவுதான். ஆட்களை விட விதிகள் அதிகம். அத்தனையும் கிளைவுக்கு மனப்பாடம்.

சேர வருகிறவர் மூன்று வித்தை காட்டி, அதில் ஒன்றிலாவது மூன்று பேரையும் ஏமாற்ற வேண்டும். இப்படி மூன்று முறை வந்து முயலலாம், அதற்கு மேல் கிடையாது. பள்ளி பஸ் ஓட்டுகிற ஷெரில் ஏற்கனவே இரண்டு முறை தோற்றவள். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே காலி பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகவே பழகியவள். தன்னைப் போலவே இதில் கிறுக்குப் பிடித்தவர்களோடு உட்கார ஒரு நாற்காலி கிடைக்காதா என்று ரொம்ப ஏங்கினாள். இன்றும் தோற்றால் கதவு அடைத்தது அடைத்ததுதான்.

அடுத்துச் சீட்டுக்கட்டு. நார்ம் எடுத்த சீட்டைக் கட்டின் நடுவில் செருகி, மேலே வரவழைத்துக் காட்டினாள். அவள் இரண்டு சீட்டைச் சேர்த்துத் தூக்கியது மூலையில் இருந்த பீர் ஃபிரிட்ஜுக்கே தெரிந்திருக்கும்.

"போன வருஷம் இவ்வளவு மோசமில்லையேம்மா. பஸ்ஸையும் நீ இப்படித்தான் ஓட்டுறேன்னா புள்ளைங்க நடந்தே போயிருங்க" என்றார் நார்ம்.

ஷெரிலின் முகம் தொங்கிப்போனது. விரலை எங்கே வைப்பது என்றே பிடிபடவில்லை என்றாள். நார்முக்கு மனசு கேட்கவில்லை. கட்டை வாங்கி, இரண்டு சீட்டு ஒன்றாகத் தெரிய விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். கிளைவ் தன் பங்குக்குக் காசை எடுத்து, அதை ஒளிக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். அப்படியில்லை, இப்படி என்று இருவருக்கும் நடுவில் சின்னச் சண்டைகூட வந்தது. வித்தைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. பக்கத்தில் ஒருவர் தப்பாகச் செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவர்களால் ஆகாது.

மிச்சம் இருந்தது மோதிர வித்தை. இரவல் வாங்கிய மோதிரம் மாயமாகிவிடும். தட்டில் இருக்கும் பன்னைப் பிட்டால் உள்ளே கிடக்கும். இதில் டெஸ்ஸை அடிக்க அந்தத் தீவிலேயே ஆள் இல்லை. அவர் எதிரில் அதையே செய்யப் போகிறேன் என்றாளே, அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது.

நார்மின் கல்யாண மோதிரத்தை வாங்கினாள். கைக்குட்டையால் மூடி ஊதினாள். மோதிரம் அவள் சட்டைக் கையிலிருந்து நழுவி, தரையில் உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. பல் டாக்டர் முட்டி போட்டுத் தேடினார். இது இல்லாமல் போனால் மனைவி வீட்டில் கதவே திறக்கமாட்டாள் என்று அங்கிருந்தே புலம்பி, ஒருவழியாக எடுத்து ஷெரிலிடம் கொடுத்தார்.

டெஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. தன் செல்ல வித்தை இப்படிச் சீரழிவதை எத்தனை நேரம்தான் பார்ப்பார்?

"குடு இங்க" என்றார்.

கட்டின மனைவிக்குக்கூட அவர் சொல்லாத ரகசியம் அந்த வித்தை. மோதிரம் எங்கே போகிறது, எப்போது போகிறது, பன்னுக்குள் எப்படி நுழைகிறது, எல்லாவற்றையும் ஆற அமர விளக்கினார். கிளைவும் நார்மும் ஷெரிலை விட அதிகமாக வாயைப் பிளந்தார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் தூக்கத்தைக் கெடுத்த ரகசியமாயிற்றே. சரியாகப் புரியவில்லை என்று ஷெரில் சொன்னதும், டெஸ் இன்னொரு தரமும் செய்து காட்டினார்.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஷெரில். ஆனா ஒரு வித்தையிலகூட நாங்க ஏமாறல."

மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஷெரில் சீட்டுகளை அடுக்கி டப்பாவில் வைத்தாள். போகிற போக்கில் கேட்பவள் மாதிரிக் கேட்டாள்.

"வெளியாளுக்கு ரகசியத்தைச் சொன்னா உங்க சங்கத்துல என்ன பண்ணுவீங்க கிளைவ்?"

விதி என்றதும் கிளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அன்னைக்கே நீக்கிருவோம். தலைவரா இருந்தாலும் சரி, அதுக்கு மன்னிப்பே..." என்றவர் பாதியில் நின்று டெஸ்ஸைப் பார்த்தார். டெஸ் நார்மைப் பார்த்தார்.

"நான் இன்னும் வெளியாளுதானே?" என்றாள் ஷெரில். "அப்ப இந்தச் சங்கத்துல இப்ப யாருமே இல்ல. இல்லேன்னா, மூணு பேரும் ஒண்ணா ஏமாந்துட்டீங்க, நான் உள்ளே வந்தாச்சு. எது வசதி?"

டெஸ் எழுந்துபோய், சுவரோரம் மடக்கி வைத்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து மேசை முன்னால் விரித்துப் போட்டார். என் வித்தையை அத்தனை கேவலமாகச் செய்ய எப்படி மனசு வந்தது என்று முனகினார்.

"அதுதான் டெஸ் ரொம்பக் கஷ்டம்" என்று உட்கார்ந்தாள் ஷெரில். "மோதிரம் தானா நழுவி விழுந்த மாதிரி விழ வைக்க ஒரு வருஷமாப் பழகினேன்."