பிரிக்காத பெட்டி

“ஜப்பான் தகர வாத்து சார். வாத்து நிறைய பேர்கிட்ட இருக்கு. ஒட்டின தாள்கூடக் கிழியாத பெட்டி என்கிட்ட மட்டும்தான். மதிப்பே அதுக்குத்தான்.” பெலிக்ஸ் பெட்டியை நீட்டினான். பழைய பொம்மைகள் சேகரிப்பவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பென்சில் எழுத்து.

“‘ரெஜிக்கு’ன்னு இருக்கே. ரெஜி யாரு?”

“யாரோ சார். தெரியல.”

காபி கொண்டுவந்த அவன் தங்கை ரெஜினா நின்றுவிட்டாள். அது அப்பாவின் கையெழுத்து. கப்பலில் வேலை பார்த்த அவர் அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த பெட்டி அன்றைக்கே காணாமல் போனது. தொலைத்துவிட்டாள் என்று அவர் பெல்ட்டால் விளாசியபோது பெலிக்ஸ் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினாள்.

“பாத்து, தாள் கிழிஞ்சிரும்.”

“கிழியட்டும்ணே. எனக்கு வந்ததுதானே?”

நகத்தால் ஓரம் ஓரமாக, அவசரமில்லாமல் கிழித்தாள். பெலிக்ஸ் பாய்ந்து வருவதற்குள் மூடி திறந்துவிட்டது. ஐம்பது வயது ரெஜினா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாத்தை எடுத்துச் சாவி கொடுத்தாள். வாத்து தத்தித் தத்தி ஓடி, சுவரில் முட்டிச் சாய்ந்தது.

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெலிக்ஸ் கிழிந்த தாளைப் பொறுக்கிப் பொருத்திப் பார்த்தான்.

“கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே” என்றாள் ரெஜினா. “அது ஓட இடம் வேணும்.”