பன்னிரண்டாவது தட்டு

"மறுபடியும் ஒண்ணு ஒடைஞ்சிபோச்சா?"

சொர்ணத்துக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பத்திரம் பதியும் நொத்தேர் சக்கரபாணியின் மனைவி ராஜாம்பாள் நிதானமாக விசிறிக்கொண்டாள்.

"மாசத்துக்கு ஒண்ணு ஒடையுது. பாக்க அழகாத்தான் இருக்கு சொர்ணம், உறுதி இல்லியே. என் தம்பி கடற்கரையில ஓட்டல் தெறக்கிறான். உன் தட்டையே வாங்கலாம்னு இருந்தான். நான்தான் வேணாம்னுட்டேன்."

முந்நூறு தட்டு! அந்த ஆர்டரை நம்பித்தான் சொர்ணம் புதுச் சூளையே கட்டியிருந்தாள். பிள்ளைச்சாவடியில் அவள் அம்மா இன்னும் மீன்கூடை சுமக்கிறாள். மகளோ படம் வரைந்து, அச்சு எடுத்து, பீங்கான் செய்து டவுனில் பெயர் வாங்கிவிட்டாள். ஓரத்தில் நீல மீன்கள் ஓடினால் அது சொர்ணம் செய்த தட்டு. அதைப் போய் உறுதியில்லை என்றால் வயிறு எரியாதா?

பன்னிரண்டு தட்டுச் செட்டில் உடைந்ததற்கு ஈடாகக் கொண்டுவந்திருந்த புதுத் தட்டை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். ணங்கென்றது. கீறல்கூட விழவில்லை.

"பாருங்க மதாம்! வேணும்னு ஒடைச்சாத்தான் இது ஒடையும்!"

"கோவப்படாத. முறுக்கு சாப்பிடு."

ராஜாம்பாள் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, முறுக்கை அடுக்கி அவள் முன் வைத்தாள். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம் ஆகியும் மேசை நாற்காலிப் பழக்கம் போகாத வீடு. எப்போது வந்தாலும் உட்கார வைத்து, பீங்கான் தட்டில் பலகாரம் தருவாள். அந்த மரியாதைக்காகத்தான் சொர்ணம் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாடியிலிருந்து நொத்தேர் கூப்பிட, ராஜாம்பாள் போனாள். பாத்திரம் தேய்க்கும் அஞ்சலாட்சி உள்ளே வந்தாள். சொர்ணம் அவள்மேல் பாய்ந்தாள்.

"ஏண்டி, ஒன் கையில என்னா எண்ணெயா வழியுது? ஒன்னால என் பொழைப்பே போச்சி!"

"நான் கை தவறி ஒண்ணுகூட ஒடைச்சதில்லக்கா."

"பின்ன, தானா ஒடைஞ்சிதா?"

அஞ்சலாட்சி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டாள். "சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்றியா, மதாமைக் கூப்புடவா?"

"ஒவ்வொரு வாட்டியும் நீங்க சாப்புட்ட தட்டைத்தான்க்கா... நீங்க தெருவுல எறங்கினதும் கொல்லையில போட்டு ஒடைக்கச் சொல்லுவாங்க. மீன்காரவூட்டு எச்சில் பட்ட தட்டு, தேய்ச்சாலும் தீட்டு போவாதாம்."

சொர்ணம் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, புதுத் தட்டோடு சேர்த்து மற்ற பதினொரு தட்டுகளையும் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்கை வைத்து, வரிசையாகக் கடிக்க ஆரம்பித்தாள்.

"கொல்லைக் கதவைத் தெறந்து வை அஞ்சலாட்சி. இன்னிக்கு ஒனக்கு வேலை ஜாஸ்தி!"