போன தடவை அளவேதான்

"இங்கிலீஷ் முழுசா வேணாம் மேடம். அளவு எடுக்கிற பேச்சு மட்டும் சொல்லிக்குடுங்க, போதும்" என்றாள் பாஞ்சாலை.

திருவண்ணாமலையில் அபிநயா நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை. பாஞ்சாலை அடி அண்ணாமலையில் தையல் கடை வைத்திருப்பவள். அங்கே வீடெடுத்துத் தங்கியிருக்கும் ஹன்னா என்ற வெள்ளைக்கார அம்மாவுக்குத் துணி தைக்கிறாளாம்.

தமிழில் அளவு 'எடுக்கிற' மாதிரியே இங்கிலீஷிலும் 'டேக் மெஷர்மென்ட்ஸ்'தான் என்று அபிநயா சொன்னதும், தெரிந்தவர்களை வெளியூரில் பார்த்தவள்போல் சிரித்தாள் பாஞ்சாலை. 'ஸ்லீவ் லெங்த்', 'வெயிஸ்ட் சைஸ்' என்று வாயில் போட்டு உருட்டிக்கொண்டே பஸ் ஏறுவாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வாள். போன தடவை அளவேதான், மாறவில்லை என்று எப்படிச் சொல்வது?

"சேம் அஸ் லாஸ்ட் டைம்."

ஒருநாள் எப்படிப் பேசுகிறாள் பார்க்கலாமென்று அபிநயாவும் ஹன்னா வீட்டுக்குக் கூடப் போனாள்.

மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. ஜன்னலோரம் ஹன்னா இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடி நின்றாள். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருந்தது. பாஞ்சாலை டேப்பை இடுப்பில் சுற்றினாள். அபிநயா எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு.

"தர்ட்டி. சேம் அஸ் லாஸ்ட் டைம்" என்றாள் பாஞ்சாலை.

ஹன்னா கண்ணைத் திறக்காமலே புன்னகைத்தாள்.

அபிநயாவுக்குச் சுருக்கென்றது. துணி ஜாஸ்தியாக வாங்கி அமுக்கத்தான் இந்த இங்கிலீஷா? தெருவுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள்.

"டேப்புல இருந்தது வேற, நீங்க சொன்னது வேற. ஏங்க்கா?"

பாஞ்சாலை டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"அந்தம்மாவ டாக்டருங்க கைவிட்டுட்டாங்க மேடம். இளைச்சுக்கினே போறாங்க. அவங்க துணியெல்லாம் வாங்கினு போயி, உடம்புக்குத் தக்கபடி புடிச்சுத் தைச்சுக் குடுத்துடறேன். தொளதொளன்னு தெரியாது. அளவு மாறலைன்னு சொல்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு வாய் சாப்பிடறாங்களாம்."

மேகம் இறங்கி வந்து பாதையைத் தொட்டது. பஸ் ஏறும்போது அபிநயா மெல்லச் சொன்னாள்.

"போன தடவையவிட ஒரு இஞ்ச் ஜாஸ்தின்னு எப்படிச் சொல்றதுன்னு நாளைக்குச் சொல்லித்தரேன்க்கா."